மாயாண்டிக்கு எடுத்த மூணு ஸ்கேன்

இங்க ஒக்காரு தாயி, எடம் இருக்கு. பையை நான் மடியில வச்சுக்கிறேன். பட்டுச்சேலை கசங்காம பாத்து ஒக்காரு. கல்யாண வீடுதேனே? பாத்தாலே தெரியுது. எங்க, செக்கானூரணியா? அப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல என்கூடத்தேன். தூங்கறதுன்னா தூங்கிக்க. ஆனா நான் பேசிக்கிட்டுத்தேன் வருவேன், முன்னாடியே சொல்லிட்டேன்.

என்னா, மூக்கை மூக்கை உறிஞ்சுற? மணக்குதா? மணக்கும். அதைப் பத்தி இப்பக் கேக்காத. பின்னால சொல்றேன்.

அந்தா பாரு, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு. பச்சைச் சுடிதாரு. மடியில ஒரு பய தூங்கிக்கிட்டு வாரான், காலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. அந்தக் காலு எங்க வீட்டுக் காலு. சுடிதாரு என் தம்பி பொண்டாட்டி தேன்மொழி. பய என் தம்பி மகன். பேரு தஷ்வந்த்தாம். கம்ப்யூட்டர்ல தேடி எடுத்து வச்ச பேரு, எனக்கு வாயில நுழையல. நான் எங்க குலசாமி பேரைச் சொல்லி மாயாண்டின்னுதேன் கூப்பிடுவேன். ரெண்டு பேரையும் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு, எதுக்குத் திரும்புறான்னு. அதுலயே தேன்மொழிக்கு என் மேல பாதிக் கோவம்.

அது பக்கத்துச் சீட்டு காலியாத்தேன் கெடக்கு. நான் ஏன் ஆறு சீட்டுத் தள்ளி இங்க ஒக்காந்திருக்கேன்னு கேளு. சின்னமனூர்ல ஏறும்போதே சொல்லிருச்சு. "மதினி, நீங்க பின்னாடி ஒக்காந்துக்கங்க. உங்களைப் பாத்தா அவனுக்குப் பசி வந்துரும்"னு. பாத்தியா பேச்சை? என்னையப் பாத்தா பசி வருதாம். நான் என்னா இட்லியா?

பயலுக்கு இன்னைக்கு மதுரையில எம்.ஆர்.ஐ. பத்து மணிக்கு. ஈரல்ல ஏதோ இருக்கு தாயி. அது நல்லதா கெட்டதான்னு இன்னைக்கு எடுத்துத்தேன் சொல்லணுமாம். வர்ற ஆவணிக்குத்தேன் மூணு வயசு முடியுது. ராத்திரி சாப்பிட்டது. காலையில எந்திரிச்சு ரெண்டு மடக்குத் தண்ணி, அம்புட்டுத்தேன். வெறும் வயித்தோட கெடக்கு புள்ள.

எனக்கு இந்த வெறும் வயிறுங்கறதே ஆகாது. எங்கம்மா செத்தப்ப எனக்கு பதிமூணு, தம்பிக்கு ரெண்டரை. அவன் பசின்னு அழுத அழுகை இன்னும் எங்காதுல இருக்கு. அன்னைக்கு முடிவு பண்ணேன், என் கண்ணு முன்னாடி ஒரு புள்ள பசின்னு நிக்கக்கூடாதுன்னு. கட்டிக்கிட்டேன், அந்த மனுசன் போயிச் சேந்துட்டாரு, எனக்குப் புள்ளை இல்ல. பள்ளிக்கூடத்து வாசல்ல சுண்டல் வண்டி போட்டேன். இருவது வருசம். தட்டப்பயிறு, கொண்டக்கடலை, மொச்சை. மொச்சைதேன் நமக்குப் பேரு. வேலுத்தாயி மொச்சைன்னா சின்னமனூர்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியும். புள்ளைககிட்ட நான் வெறுங்கையோட போனதே இல்ல. என் முந்தியில எப்பப் பாத்தாலும் ஒரு புடி முடிஞ்சிருக்கும். மாயாண்டி நடக்கப் பழகினதே அந்த முடிச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தேன்.

சரி, கதைக்கு வாரேன். பங்குனியில பயலுக்குக் காய்ச்சலு. நாலு நாளா விடல. வயித்தைத் தொட்டா கத்துறான். புள்ளை டாக்டரு அமுக்கிப் பாத்துட்டு, தேனிக்குப் போயி வயித்தை ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வந்துருங்கன்னாரு. தம்பி, தேன்மொழி, நானு, மூணு பேரும் போனோம். அங்க ஸ்கேன் பாக்குறது ஒரு பொம்பளை டாக்டரு, இளமதின்னு பேரு. எங்கிட்ட சுண்டல் வாங்குற ப்ளஸ் டூ புள்ளைக மாதிரி இருக்கு. எனக்கு அப்பவே நம்பிக்கை இல்ல.

வயித்துல ஒரு பசையைத் தடவுறாங்க. சில்லுன்னு இருக்கும்போல. போட்டான் பாரு ஒரு சத்தம்! ஒதைக்கிற ஒதையில டாக்டரம்மா கண்ணாடி ஒரு பக்கம் போகுது, அந்தத் தேய்க்கிற கருவி ஒரு பக்கம் போகுது. "அசையாமப் பிடிங்கம்மா, அசைஞ்சா ஒண்ணும் தெரியாது"ங்குது. ரெண்டு வயசுப் பய எங்க அசையாம கெடப்பான்? நாந்தேன் தலைமாட்டுல நின்னுக்கிட்டு, "டேய் மாயாண்டி, அந்தா டிவியில பாரு, ஒன் வயித்துக்குள்ள யானை நிக்குது"ன்னேன். யானை எங்க எங்கன்னு ஒரு நிமிசம் சும்மா கெடந்தான். அந்த ஒரு நிமிசத்துலதேன் டாக்டரம்மா பாத்துச்சு. பாத்துட்டு மொகம் மாறிப்போச்சு.

"ஈரல்ல ஒரு எடம் வித்தியாசமா இருக்கும்மா. மேல் பக்கமா, நெல்லிக்காய் அளவுக்கு."

சின்ன நெல்லியா பெரிய நெல்லியான்னு நாந்தேன் கேட்டேன். பெரிய நெல்லிதேன்னுச்சு. சரி, அது என்னாதும்மான்னேன். அதுக்கு ஒரு பதில் சொல்லுச்சு பாரு.

"ஏதோ இருக்குன்னு சொல்ல முடியும். என்னன்னு இதுல உறுதியா சொல்ல முடியாது."

எனக்கு வந்துச்சே கோவம்! ஏம்மா, எங்கிட்ட வந்து ஒருத்தன் சட்டியில என்னா சுண்டல்னு கேக்குறான், உள்ள ஏதோ இருக்கு, என்னான்னு சொல்ல முடியாதுன்னு சொன்னா வாங்கித் திம்பானா? அதையே கேட்டுப்புட்டேன். அந்தப் புள்ள கோவிச்சுக்கல. சிரிச்சுச்சு. "அக்கா, பூட்டுன கதவுக்கு வெளிய நிக்கிறீங்க. உள்ள ஆள் நடமாட்டம் கேக்குது. ஆள் இருக்குன்னு சொல்லிருவீங்க. சொந்தக்காரனா திருடனான்னு கதவைத் தொறந்தாத்தானே தெரியும்? இந்த ஸ்கேன் வெளிய நிக்கிற மாதிரி. மதுரையில மருந்து ஏத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தா கதவைத் தொறந்த மாதிரி"ன்னுச்சு.

நான் விடுவேனா? இருமலை வச்சே சொல்லிருவேன் எந்தச் சொந்தக்காரன்னு, அப்படின்னேன். 

அப்புறம் டாக்டரம்மா தேன்மொழிகிட்டத்தேன் பேசுச்சு. ரத்தக்குழாய் முடிச்சா இருக்கலாம், அதுக்கு ஒண்ணும் பயம் இல்லை, சிலது தானாவே சுருங்கிரும். சீழ்க்கட்டியா இருக்கலாம், மருந்துல சரியாகும். வேற மாதிரிக் கட்டியாவும் இருக்கலாம். சின்னப் புள்ளைகளுக்கு இந்த ஸ்கேன்ல எல்லாம் ஒண்ணுபோலத் தெரியும். அதனால தள்ளிப்போடாதீங்கன்னுச்சு. வேற மாதிரின்னா என்னான்னு யாரும் கேக்கல. தேன்மொழி மட்டும் பயலை எடுத்து நெஞ்சோட அமுக்கிக்கிருச்சு. எனக்கும் பயம்தேன், பொய் சொல்லக்கூடாது.

ரத்தத்துல ஒரு டெஸ்ட் எடுத்தாக. அது அம்புட்டு மோசமா இல்லையாம். ஆனா அதை மட்டும் நம்பி விட முடியாதாம். பாத்தியா, அதுவும் உறுதி இல்ல! மருந்து குடுத்துக் காய்ச்சலு விட்டுப்போச்சு. பய எந்திரிச்சு ஓடுறான் ஆடுறான். மதுரைக்குப் போகணும்னு தேன்மொழி நிக்குது. அங்க புள்ளை அசையாம இருக்க மயக்க ஊசி போடுவாகளாம், அதைக் கேட்டதும் தம்பி வேணாங்குறான். வாழைத்தார் வண்டி ஓட்டுறவன், மலைப்பாதையில லோடோட எறங்குவான். ஊசின்னா பயம், இன்னைக்குக்கூட அதுக்குத்தேன் வரல. நாந்தேன் சொன்னேன். "அவசரப்படாதடா. ஈரல்னா நம்ம கீழாநெல்லி இருக்கு. பத்து நாளு என் கையில விடு. அப்புறம் வேற எடத்துல ஒரு ஸ்கேன் பாத்துக்குவோம்"னேன்.

தேன்மொழி இ-சேவை மையத்துல வேலை. ஒம்பது மணிக்குப் போனா சாயந்தரம்தேன் வரும். அது தெரு முக்குத் திரும்புச்சுன்னா இங்க அம்மி சுத்த ஆரம்பிச்சிரும். வாய்க்கா ஓரத்துல போயி கீழாநெல்லி பறிச்சு, வேரோட கழுவி, அரைச்சு, மோர்ல கலக்கி வச்சுக்கிட்டு மாயாண்டின்னு கூப்பிட்டா, பய கட்டிலுக்கு அடியில! வாயில ஊத்துனா என் மேலயே துப்புவான். பச்சை பச்சையா எஞ்சேலை எல்லாம். தேன்மொழி ஒரு நாளு கேட்டுச்சு, "மதினி, சேலையெல்லாம் என்ன பச்சையா?"ன்னு. கொத்தமல்லின்னுட்டேன். பத்து நாளுன்னு சொன்னேன், பதினோரு நாளு குடுத்தேன். ஒரு நாளு கொசுறு.

பன்னெண்டாம் நாளு தம்பியை இழுத்துக்கிட்டு கம்பத்துக்குப் போனேன். தேன்மொழிக்கு ஆபீஸ்ல ஏதோ தணிக்கையாம், லீவு இல்ல. அது போயிட்டு வாங்கன்னுச்சு. ஆனா பத்துத் தடவை சொல்லுச்சு, நாலு மணி நேரம் ஒண்ணும் குடுக்கக்கூடாது, ஸ்கேனுக்கு வெறும் வயிறா இருக்கணும்னு. சரி சரின்னேன்.

அங்க போனா கூட்டம். கல்யாணப் பந்தி மாதிரி வரிசை. பத்தரைக்குச் சொன்னாக, பன்னெண்டு ஆச்சு, கூப்பிடல. பய பசி பசின்னு கேக்குறான். முந்தியைப் பிடிச்சு இழுக்குறான். தம்பி வெளிய வண்டிக்கு டீசல் போடப் போயிட்டான். புள்ள ஒதட்டைப் பிதுக்கிக்கிட்டு என் மொகத்தைப் பாக்குது. நீயா இருந்தா என்னா பண்ணுவ? சொல்லு. நீ சும்மா இருந்திருப்பேன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்.

ஒரே ஒரு வாய்தேன் குடுத்தேன். மொச்சை. சரி, ரெண்டு வாயி. பொட்டலம் சின்னதுதேன். ரெண்டு பொட்டலம். அடைச்சுக்கிருமேன்னு ஒரு கோலி சோடா. முழுசு இல்ல, கடைசி மடக்கை நான் குடிச்சுட்டேன். வாயைத் தொடைச்சு விட்டேன். பய சிரிச்சான் பாரு ஒரு சிரிப்பு! அதுக்கப்புறம் உள்ள கூப்பிட்டாக.

அங்க பாக்குறவரு வயசான டாக்டரு. தேய்க்கிறாரு, தேய்க்கிறாரு, இப்படித் திருப்புறாரு, அப்படித் திருப்புறாரு. நெத்தியைச் சுருக்குறாரு. "வயித்துல ரொம்பக் காத்து இருக்கே"ங்குறாரு. பய ஒரு ஏப்பம் விட்டான். "பாத்த வரைக்கும் ஒண்ணும் தெரியலம்மா. ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன், படிச்சுக்கங்க"ன்னாரு.

ஒண்ணும் தெரியல! கேட்டியா? ஒண்ணும் தெரியல! நான் அங்கயே ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். தேனியில பாத்தப்ப நெல்லிக்கா அளவு இருந்தது, இப்ப ஒண்ணும் இல்ல. எதுனால? கீழாநெல்லி! தம்பி அழுதுட்டான். வண்டியில வரும்போது பூராம் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தான்.

மறுநாளு பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு எல்லாம் சும்மா குடுத்தேன் சுண்டலு. ஏழாப்பு புள்ளை ஒண்ணு மூணு தடவை வந்துச்சு, நான் கண்டுக்கல. தெரு பூராம் சொன்னேன். சனி ஞாயிறு ஆளு வர ஆரம்பிச்சிருச்சு. வேலுத்தாயக்கா, எனக்கு இங்க வலிக்குது. வேலுத்தாயக்கா, எம்மருமகளுக்குப் பசி எடுக்கல. மின்சார ஆபீஸ்ல லைன்மேன் முத்துவீரன் வந்து முழங்காலுக்குக் கேட்டான். முழங்காலுக்கும் குடுத்தேன். ஈரலைச் சரி பண்ணுறது முழங்காலைச் சரி பண்ணாதா?

ஆனா அந்தப் புள்ள இருக்கே தேன்மொழி, அது மட்டும் சந்தோசப்படல. ஸ்கேன் எடுத்த அன்னைக்குச் சாயந்தரமே ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு ஒக்காந்துருச்சு. மேல எல்லாம் நல்லாத்தேன் இருக்காம். கடைசியில ரெண்டு வரி. அதை வாசிச்சுச் சொல்லுச்சு. வயித்துல காத்து அதிகம், ஈரலோட மேல்பக்கம் சரியாத் தெரியல, வெறும் வயித்துல மறுபடியும் பாக்கணும்னு எழுதியிருக்காராம். "மதினி, இல்லைன்னு அவர் சொல்லலை. தெரியலைன்னுதான் சொல்லிருக்காரு"ங்குது.

எம்மா, தெரியலைன்னா இல்லைன்னுதானே அர்த்தம்? வீட்டுல தேடுறோம், சாவி தெரியல, அப்ப அங்க சாவி இல்ல. "கரண்டு இல்லாத வீட்டுல தேடுனா?"ன்னு கேட்டுச்சு. வாயி! பெறந்த ஊரு திண்டுக்கல், அந்த ஊரு வாயி. நானும் விடல. அது அழுதுச்சு, நான் கத்துனேன், தம்பி தட்டோட எந்திரிச்சு மொட்டை மாடிக்குப் போயிட்டான். "அவன் ஓடியாடித் திரியுறான்ல, இன்னும் என்னா ஒனக்கு? புள்ளைக்கு வியாதி இருக்கணும்னு நெனைக்கிறியா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டுட்டேன் தாயி. அப்பக் கோவத்துல வந்துருச்சு. இப்ப நெனைச்சாக் கூசுது.

தம்பி எம்பக்கம் நின்னுட்டான். ஒரு மாசம் ஓடிப்போச்சு. தேன்மொழிதேன் கடைசியில அவுக அண்ணனைக் கூட்டிக்கிட்டு வந்து பேச வச்சு, மறுபடியும் தேனிக்கு அதே இளமதி டாக்டருகிட்டப் போகணும்னு முடிவு பண்ணுச்சு. நானும் கெளம்புனேன். எங்க கீழாநெல்லியை நிரூபிக்க வேணாமா?

இந்தத் தடவை அது பயலை விட்டு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் போகல. பாத்ரூமுக்குப் போனாக்கூட இடுப்புல வச்சுக்கிட்டுப் போகுது. என் முந்தியை என்னைய இடுப்புல இறுக்கிச் சொருகிக்கச் சொல்லிருச்சு. நல்லா வெறும் வயிறு. பய தொண்டை கிழியக் கத்துறான், படுக்கையில படுக்க மாட்டேங்குறான். டாக்டரம்மா என்னையப் பாத்து, "அக்கா, அந்த யானையைக் கொஞ்சம் கூப்பிடுங்க"ன்னுச்சு. ஞாபகம் வச்சிருக்கு பாரேன். நான் யானையைக் கூப்பிட்டேன். பய சும்மா கெடந்தான்.

ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம் அந்தப் புள்ள கருவியை எடுக்காமயே மெதுவாச் சொல்லுச்சு. "அது அங்கயேதான் இருக்கு. முன்னைக்கு இப்ப பெருசாகல. ஆனா மேல, விலா எலும்புக்குப் பின்னாடி, இன்னொண்ணு சின்னதா இருக்கற மாதிரி இருக்கு. அங்க எனக்குச் சரியா எட்டலை."

முத ஸ்கேன்ல ஒண்ணு. ரெண்டாவதுல ஒண்ணும் இல்ல. மூணாவதுல ரெண்டு. இதை என்னா மிசினுன்னு சொல்றது? நானும் அதைத்தேன் கேட்டேன். அதுக்கு டாக்டரம்மா, "போன தடவை ஸ்கேனுக்கு முன்னாடி ஏதாவது சாப்பிட்டானா?"ன்னுச்சு.

"பச்சத்தண்ணி பல்லுல படலை"ன்னேன் நானு. அவுக மொகத்தைப் பாத்துச் சொன்னேன். கொஞ்சம்கூடத் தடுமாறல.

படுக்கையில கெடந்துச்சே அந்தப் பய! பசையோட வயித்தைக் காட்டிக்கிட்டு, யானையைத் தேடிக்கிட்டு. "மொச்ச!" அப்படின்னான். ரூமே திரும்பிப் பாக்குது. "அத்தே மொச்ச குத்துச்சு! சோடா குத்துச்சு! டுப்புன்னு!" சோடா தொறக்குறதை கையால வேற நடிச்சுக் காட்டுறான். கூட இருந்த நர்ஸ் புள்ள வாயைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுது. வளத்தேனே, அந்த வாயை வளத்தது நானு!

டாக்டரம்மா சிரிக்கல. எனக்கு வெளங்குற மாதிரிச் சொல்லுச்சு. இந்த ஸ்கேனு ஒரு சத்தத்தை உள்ள அனுப்பி, அது திரும்பி வாரதை வச்சுத்தேன் படம் காட்டுதாம். நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். நடுவுல காத்து இருந்தா அந்தச் சத்தம் அங்கனயே நின்னு போகும், பின்னால என்னா இருந்தாலும் தெரியாது. மொச்சையும் சோடாவும் சேந்தா எம்புட்டுக் காத்து! எலும்புக்குப் பின்னாலயும் அப்படித்தேன். புள்ளை அழுதாலும் அசைஞ்சாலும் தெரியாது. இம்புட்டையும் தாண்டித் தெரிஞ்சாலும், என்னான்னு சொல்லாது.

நல்லாக் கேளு. லட்சம் லட்சமாக் குடுத்து வாங்குன மிசினு, என் பத்து ரூவாப் பொட்டலத்துக்குத் தோத்துப்போச்சு. அப்பக் கொறை யாருகிட்ட? மிசினுகிட்டத்தானே? அதை யாரும் சொல்ல மாட்டேங்குறாக. ஊரு பூராம் என் மொச்சையைத்தேன் சொல்லுது. கீழாநெல்லிக்கு வந்தவுக ஒருத்தரும் இப்ப வாரதில்ல, அந்த முழங்கால் லைன்மேனைத் தவிர. அவனுக்குக் கேக்குதாம்.

தேன்மொழி சண்டை போடும்னு நெனைச்சேன். நானும் நாலு பதிலைத் தயார் பண்ணித்தேன் வச்சிருந்தேன். அது பய வயித்துல இருந்த பசையைத் தொடைச்சுச்சு, சட்டையை மாட்டுச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது ஒரே ஒண்ணு சொல்லுச்சு. "நீங்க பாசத்துலதான் குடுத்தீங்க மதினி. எனக்குத் தெரியும். ஆனா அந்த ஒரு மாசத்தை யார்கிட்டப் போய்க் கேக்குறது?"

எனக்கு வாய் வரல. எனக்கு! எங்க தெருவுல வந்து கேட்டுப் பாரு, வேலுத்தாயிக்கு வாய் வரலைன்னா நம்புறாகளான்னு.

மூணு நாளு நான் வண்டிக்குப் போனேன், வந்தேன். மொச்சையை அவிக்கவே பிடிக்கல. தட்டப்பயிறு மட்டும் போட்டேன். நாலாம் நாளு அது வந்து அடுப்படியில நின்னுக்கிட்டு, "மதினி, மதுரைக்கு நீங்களும் வரணும். அவன் மயங்குற வரைக்கும் பக்கத்துல ஆள் வேணுமாம். யானையை நீங்க கூப்பிட்டாத்தான் அவன் நம்புவான்"னுச்சு. நான் பாத்திரத்தைக் கழுவுற மாதிரித் திரும்பி நின்னுக்கிட்டேன்.

அதோட ஆஸ்பத்திரிக்காரக குடுத்த ஒரு தாளையும் வாசிச்சுக் காட்டுச்சு. ரெண்டு தடவை வாசிச்சுச்சு. மயக்கம் குடுக்கும்போது வயித்துல ஏதாவது இருந்தா, அது மேல ஏறி மூச்சுக்குழாய்ல போயிருமாம். உசுருக்கே மோசமாம். பழைய மாதிரி படம் சரியாத் தெரியாதுங்கற கதை இல்ல இது. சாப்பிட்டிருக்கான்னு தெரிஞ்சா எடுக்கவே மாட்டாக, திருப்பி அனுப்பிருவாக. அடுத்த தேதி எப்பக் கெடைக்குமோ. அந்தக் கதவுக்குப் பின்னால நிக்கிறது சொந்தக்காரனா திருடனான்னு தெரியாமயே இன்னும் எத்தனை நாளு கெடக்குறது? நானும் தூங்கறதில்ல தாயி. தூங்குறேன்னு சொல்லிக்கிட்டுப் படுத்துக் கெடக்கேன்.

இப்பக் கேளு, பையில என்னா மணக்குதுன்னு.

ஆமா. அதேதேன். விடியக்காலம் எந்திரிச்சு அவிச்சேன். தாளிச்சு, தேங்காப்பூ போட்டு, ஒரு டப்பா நெறைய. தேன்மொழிக்குத் தெரியாது. நான் கெட்ட எண்ணத்துல கொண்டு வரல. எல்லாம் முடிஞ்சு பய முழிச்சா பசிக்கும்ல? அப்பக் குடுக்கத்தேன். சத்தியமா அப்பக் குடுக்கத்தேன். மதுரையில கடையில வாங்கித் திங்கிறதுல என்னா இருக்கு?

ஆண்டிபட்டி தாண்டியாச்சா? கணவாய் வந்துருச்சு பாரு, வளைவுல பஸ்ஸு குலுக்குது. இந்தக் குலுக்கலுக்கு பய...

எந்திரிச்சுட்டான். கேக்குதா? அது அவன் அழுகைதேன். மொதல்ல சும்மா சிணுங்குவான். இப்பப் பாரு ஏத்துவான். "அத்தே"ங்குறான் பாரு. பசிக்கிங்குறான். ஐயோ. அவங்கம்மா தட்டிக் குடுக்குது, கேக்க மாட்டேங்குறான். ஏ, யாரும்மா அது முன் சீட்டுல, அந்தப் பிஸ்கட்டை உள்ள வை! புள்ளைக்குக் குடுக்கக்கூடாது! மதுரைக்கு டாக்டருகிட்டப் போகுது! ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னா குடுக்கக்கூடாது!

பாத்தியா, எரக்கப்படுறேன்னு பிஸ்கட்டை நீட்டுது அந்தம்மா. வெவரம் கெட்ட ஜனங்க.

இரு. என்னையக் கூப்பிடுது. தேன்மொழி திரும்பிப் பாக்குது பாரு. என்னா சொல்லுது? "மதினி, கொஞ்சம் முன்னாடி வாங்களேன், உங்ககிட்டத்தான் வருவானாம்"ங்குது.

கேட்டியா தாயி? பின்னால ஒக்காருன்னு சொன்ன புள்ள இப்ப முன்னால வாங்கங்குது. பையில என்னா இருக்குன்னுகூடக் கேக்கல பாரு. வாசனை அங்க வரைக்கும் போயிருக்கும், அதுக்கு மூக்கு இல்லையா? கேக்கல. நம்பிக் கூப்பிடுது. கேட்டிருந்தாக்கூட நான் நல்லாச் சண்டை போட்டிருப்பேன்.

வாரேன், வாரேன்! மாயாண்டி, அத்தை வாரேண்டா!

இந்தா தாயி. இந்த டப்பாவைப் பிடி. பிடிங்கறேன்ல. தின்னுரு. கல்யாண வீட்டுச் சாப்பாடு எங்கயும் போகாது, பட்டுச்சேலையில சிந்தாது, நான் எண்ணெய் கம்மியாத்தேன் ஊத்திருக்கேன். கூச்சப்படாத. மிச்சம் வைக்கட்டுமான்னு கேக்காத, முழுசாத் தின்னுரு. அவன் எம்மடியில ஒக்காந்து, எம்மொகத்தைப் பாத்து, ஒதட்டைப் பிதுக்கிப் பசிக்கின்னு கேட்டான்னா எனக்கு அந்தத் தாளுல இருந்தது ஒண்ணும் ஞாபகம் வராது. என்னைய எனக்குத் தெரியும். நான் குடுத்துருவேன் தாயி. மொத வாயை அள்ளிப் போடு, நான் கண்ணால பாத்துட்டுப் போறேன்.

ஆங். நல்லாருக்கா? நல்லாத்தேன் இருக்கும்.

கொஞ்சம் இரு, கையை நீட்டு. இல்ல, அந்தக் கையி. முந்தியிலயும் ஒரு புடி முடிஞ்சு வச்சிருக்கேன். முடிச்சு அவுழ மாட்டேங்குது. பல்லால கடிச்சுத்தேன் அவுக்கணும்போல. இந்தா, அவுந்துருச்சு. இதையும் பிடிச்சுக்க. ஒதறிக்கிறேன். ஒண்ணும் ஒட்டிக்கிட்டு இல்லையே? நல்லாப் பாத்துச் சொல்லு.

பெறந்த நாள்ல இருந்து அவங்கிட்ட நான் வெறுங்கையோட போனதில்ல தாயி. இன்னைக்குத்தேன் போறேன்.